வலது ஓரத்து ஆரஞ்சுக் கயிறு

மார்ச் 7, வியாழன்

கேமரா கிளப்பில் இன்று பதினெட்டுப் படங்கள். அவற்றில் பதினொன்றில் என்ன குறை என்று சொல்லி முடித்திருந்தேன். மீதி ஏழுக்கு வருவதற்குள் வெண்டி மணியை அடித்து, தேநீர் இடைவேளை என்று அறிவித்துவிட்டாள். மணி அப்போது ஏழே முக்கால். தேநீர் எட்டரைக்கு. பத்து வருடமாக எட்டரைக்குத்தான்.

வெண்டி எங்கள் தலைவி. ஊர் நூலகத்தில் வேலை, அதனால் குரல் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். அந்தக் குரலில் திட்டு வாங்குவது இன்னும் மோசம். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"கெல், போன வருஷம் மூணு பேர் கிளப்ப விட்டுப் போனாங்க. மூணு பேரும் உன் பேரச் சொல்லிட்டுத்தான் போனாங்க."

"மூணு பேர் படமும் மங்கல்."

"மங்கல்தான். அதுக்காக அந்த மேரி டன்பார்கிட்ட, 'இந்தக் கேமராவ வித்துட்டு நல்ல தையல் மிஷின் வாங்கலாம்'னு சொல்லணுமா?"

அது ஆக்கபூர்வமான யோசனை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் வெண்டியைப் பகைத்துக்கொள்ள முடியாது. நடுவர் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். மாநில கேமரா கிளப் கூட்டமைப்பின் விதிப்படி, பயிற்சி நடுவர் தன் கிளப்பிலேயே மூன்று கூட்டங்களில் படங்களைப் பற்றிக் கருத்துச் சொல்ல வேண்டும். உறுப்பினர்கள் பெயர் போடாமல் சீட்டில் பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். சராசரி ஏழு வந்தால் பேட்ஜ். பேட்ஜ் வந்தால் டாஸ்மேனியா முழுக்க எந்த கிளப்பும் என்னைக் கூப்பிடலாம்.

முப்பத்தோரு வருடம் ஓட்டுநர் உரிமத் தேர்வாளராக இருந்தவன் நான். நான் காரில் ஏறி உட்கார்ந்தாலே பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு வியர்க்கும். ஓய்வு பெற்று ஐந்து வருடமாகிறது. இப்போது என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. மழை வருமா என்று என் மனைவி மார்லீன்கூடப் போனிடம்தான் கேட்கிறாள். எனக்கு அந்த பேட்ஜ் வேண்டும். வேறு யார் படிக்கப் போகிறார்கள் இதை, உண்மையையே எழுதுகிறேன் — ரொம்பவே வேண்டும்.

மார்ச் 8

வெண்டி எழுதிக் கொடுத்த முறை: முதலில் இரண்டு நல்லது. பிறகு ஒரே ஒரு யோசனை. கடைசியில் இன்னொரு நல்லது. குறை என்ற சொல்லே வரக்கூடாதாம். பழக வேண்டும் அல்லவா, இரவுச் சாப்பாட்டில் ஆரம்பித்தேன்.

"மார்லீன், உருளைக்கிழங்கு நல்ல மொறுமொறுப்பு. தட்டில் பச்சைப் பட்டாணி இருக்கும் இடம் கண்ணை இழுக்கிறது. ஆட்டுக்கறியப் பத்து நிமிஷம் முன்னாடியே எடுத்திருந்தா இன்னும் வலுவா இருந்திருக்கும். உப்பு அளவு, சபாஷ்."

மார்லீன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நானும் சொல்லட்டா? உன் சட்டை நல்லா இருக்கு. முடி இன்னும் கொஞ்சம் இருக்கு. வாய மூடிக்கிட்டு சாப்பிட்டா இன்னும் வலுவா இருக்கும்."

கடைசி நல்லதைச் சொல்ல மறந்துவிட்டாள். காத்திருந்தேன், சொல்லவில்லை.

மார்ச் 9

இன்று சமையல் நான்தான்.

மார்ச் 21, வியாழன்

வெளியூர் நடுவர் வந்தாள். ப்ரியோனி என்று பெயர், வயது முப்பது இருக்காது. யார் எடுத்த படம் என்று நடுவருக்குத் தெரியாது. எடுத்தவரும் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் எங்கள் வழக்கம். நல்ல வழக்கம் என்று இன்று மாலை ஏழு மணி வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் 'பனியில் படகுத்துறை'யைத் தாங்கியில் வைத்தார்கள். நான்கு நாள் விடிகாலையில் போய் எடுத்த படம். அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கிட்டே போனாள். பின்னால் வந்தாள்.

"படத்தச் சுத்தி அட்டைய ரொம்ப நேர்த்தியா வெட்டி ஒட்டியிருக்காங்க," என்றாள்.

அவ்வளவுதான். ஆறு மதிப்பெண். அடுத்த படம்.

எனக்கு வருத்தமெல்லாம் இல்லை. வெண்டி சுட்ட சாசேஜ் ரோலைத்தான் சாப்பிடப் பிடிக்கவில்லை. வீடு வந்து படத்தை மேசை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். துறை இருக்கிறது, பனி இருக்கிறது, அடிவானம் மட்டமாக இருக்கிறது. வேறென்ன வேண்டுமாம் அந்தப் பெண்ணுக்கு? பனிக்குள்ளிருந்து திமிங்கிலம் எழும்பிக் கையாட்ட வேண்டுமா?

மார்ச் 22

அட்டை நேர்த்தியாகத்தான் இருக்கிறது. அதைச் சொன்னதில் தப்பில்லை.

ஏப்ரல் 4, வியாழன்

என் முதல் பயிற்சிக் கூட்டம். இரண்டு நல்லது, ஒரு யோசனை, ஒரு நல்லது — பதினான்கு படங்களுக்கும் பிசகாமல் சொன்னேன். சராசரி 5.8.

சீட்டுகளைப் படித்தேன். ஒன்றில்: 'நல்லதைச் சொல்லும்போது பல்வலிக்காரர் மாதிரி முகம் வைக்கிறார்.' இன்னொன்றில்: 'நான்கு படங்களுக்கு ஒரே நல்லதைச் சொன்னார்.' உண்மைதான். 'ஃபோகஸ் இருக்கிறது' என்பதை நான்கு முறை சொல்லியிருக்கிறேன். என்ன செய்வது, அந்த நான்கிலும் அது ஒன்றுதான் இருந்தது.

ஏப்ரல் 11

கண்ணாடி முன் நின்று 'அருமை' என்று சொல்லிப் பழகினேன். மார்லீன் குளியலறைக் கதவைத் தட்டி, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டாள்.

ஏப்ரல் 18, வியாழன்

இன்று ஒன்று நடந்தது.

கிளெனிஸ் மடிகன் என்று ஒரு புது உறுப்பினர். ஆற்றின் மேல்பக்கம் பால்பண்ணை வைத்திருக்கிறாள். ஐம்பதைத் தாண்டியவள். ஊரே என்னை கெல் என்று கூப்பிட, இவள் மட்டும் மிஸ்டர் ட்ரெஸ்காட் என்கிறாள். பதினெட்டு வயதில் அவளை நான் இரண்டு முறை ஓட்டுநர் தேர்வில் ஃபெயில் ஆக்கினேனாம். எனக்கு ஞாபகம் இல்லை. எத்தனையோ பேர்.

இன்று அவள் படம் தாங்கிக்கு வந்தது. ஒரு பிளாட்டிபஸ், வாத்து அலகு வைத்த எங்கள் ஊர் ஓடைப் பிராணி. தண்ணீர் மட்டத்திலிருந்து எடுத்தது. அலகு நம்மைப் பார்க்க, இரண்டு கன்னமும் உப்ப மென்றுகொண்டிருக்கிறது. முதுகு ரோமத்தில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. ஹாலில் நாற்காலி கிரீச்சிடும் சத்தம்கூட இல்லை.

நல்லதைத் தேட வேண்டியிருக்கவில்லை. வாய் தானாகப் பேசியது. பத்து நிமிடம் பேசியிருப்பேன். பிறகு யோசனை: வலது ஓரத்தில், தண்ணீருக்குள் ஒரு துண்டு ஆரஞ்சுக் கயிறு. வைக்கோல் கட்டு கட்டும் பிளாஸ்டிக் கயிறு. கண் பிளாட்டிபஸை விட்டு அங்கே ஓடுகிறது. "அதை மட்டும் நீக்கிவிட்டால் இந்தப் படம் மாநிலக் கண்காட்சிக்கே போகும்," என்றேன்.

கை தட்டினார்கள். எனக்கு! சராசரி 8.5. ஒரு சீட்டில், 'இது நம்ம கெல்தானா?' என்று எழுதியிருந்தது.

தேநீரில் கிளெனிஸ் வந்தாள். "பதினோரு நாள் காலைல ஓடைக்கரைல குப்புறப் படுத்துக் கிடந்தேன் மிஸ்டர் ட்ரெஸ்காட். மாடுங்ககூட என்னப் பாத்து சிரிச்சுச்சு. அந்தக் கயிறு கண்ணுலயே படல எனக்கு. அத எப்படி எடுக்கறது?"

சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன்.

ஏப்ரல் 20

கிளெனிஸ் ஒரு வாளி வெண்ணெயோடு வந்தாள். வாளி என்றால் வாளிதான்.

கணினியில் கயிற்றை அழிக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. பக்கத்துத் தண்ணீரை எடுத்து எடுத்து மேலே பூச வேண்டும். பாதியில் அவள் கேட்டாள், "அந்த ஓரத்த ஒரு விரக்கட அளவு வெட்டிட்டா போதாதா?"

"வெட்டினா சமநிலை போயிடும்," என்றேன்.

அவள் தலையாட்டினாள். நான் சொன்னால் தலையாட்டுகிறார்கள்! பழைய நாட்கள் மாதிரி இருந்தது.

மே 2

மூன்றாவது கூட்டம். 7.6. மூன்றுக்கும் சராசரி 7.3. தேறிவிட்டேன். கூட்டமைப்பிலிருந்து கடிதம் வர வேண்டியதுதான் பாக்கி. மார்லீன் கேக் செய்தாள். அருமை என்றேன், முகம் சுளிக்காமல்.

மே 20

கிளெனிஸ் போன். மூச்சு வாங்கப் பேசினாள். மாநிலக் கண்காட்சியின் இயற்கைப் பிரிவுக்கு அவள் அனுப்பிய பிளாட்டிபஸ் இறுதிச் சுற்றின் ஐந்து படங்களில் ஒன்றாக வந்திருக்கிறதாம். கேமராவிலிருந்து வந்த மூலக்கோப்பை அனுப்பச் சொல்லியிருக்கிறார்களாம்.

"உடனே அனுப்பு," என்றேன்.

மே 21

மூலக்கோப்பை எதற்குக் கேட்கிறார்கள்?

மே 21, மாலை

இயற்கைப் பிரிவின் விதிகளைப் படித்தேன். இப்போதுதான். நான் படகுத்துறை எடுப்பவன், அந்தப் பிரிவில் நான் எதையும் போட்டதே இல்லை. சாலை விதிப் புத்தகம் நூற்று நாற்பது பக்கம் எனக்கு மனப்பாடம். இது ஒன்றரைப் பக்கம்.

நான்காவது விதி: இயற்கைப் பிரிவுப் படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. ஓரத்தை வெட்டலாம்.

ஓரத்தை வெட்டலாம்!

ஒரு விரக்கடை. அவள் கேட்டாளே. கேட்டாளே அவள்! நான் என்னவோ பெரிய இவனாட்டம் சமநிலை சமநிலைன்னு —

போன் செய்தேன். "நேத்தே அனுப்பிட்டேன் மிஸ்டர் ட்ரெஸ்காட், நீங்கதானே உடனேன்னு சொன்னீங்க," என்றாள். சந்தோஷமாக இருந்தாள். நான் எதையும் சொல்லாமல் போனை வைத்தேன். கோழை.

மே 30

வெண்டி வீட்டுக்கே வந்துவிட்டாள். கிளெனிஸின் படம் தள்ளுபடி. அது மட்டுமில்லை, ஏமாற்று முயற்சி என்று இரண்டு வருடம் எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளத் தடை. பதினான்கு நாளில் விளக்கம் சொல்லலாமாம்.

"யார் அழிச்சுக் கொடுத்தாங்கன்னு கேட்டேன். சொல்ல மாட்டேங்கறா. நானே செஞ்சேன், தெரியாம செஞ்சேன்னு எழுதிட்டு கிளப்ப விட்டு நின்னுக்கறேங்கறா," என்றாள். பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நூலகத்தில் தொலைந்த புத்தகத்தை வைத்திருப்பவனை அப்படித்தான் பார்ப்பாள் போல.

மார்லீன் பிஸ்கட் தட்டை நீட்டினாள். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

மே 31

நான் சொன்னால் பேட்ஜ் போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. கிளெனிஸ் வாய் திறக்க மாட்டாள்.

ஜூன் 1

அதுதான் தாங்க முடியவில்லை. வாய் திறந்து திட்டியிருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

ஜூன் 3

கூட்டமைப்புக்குக் கடிதம் எழுதினேன். மூன்று பக்கம். முதல் பக்கத்தில் என் பணி அனுபவம். இரண்டாம் பக்கத்தில், விதிகள் இணையத்தில் எவ்வளவு சிறிய எழுத்தில் போடப்பட்டிருக்கின்றன என்ற விவரம். மூன்றாம் பக்கத்தின் அடியில் விஷயம்.

மார்லீனிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தாள்.

"கடைசி நாலு வரி நல்லா இருக்கு."

"மீதி?"

"மீதிய ஓரத்துல வெட்டிடு, கெல்."

அவளுக்குக் கயிற்று விஷயம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை.

நான்கு வரி: அழித்தது நான். அழிக்கச் சொன்னதும் நான். அவள் ஓரத்தை வெட்டலாமா என்று கேட்டாள், வேண்டாம் என்றதும் நான். விதியை நான் படித்திருக்கவில்லை. கையெழுத்துப் போட்டு, புத்தி மாறுவதற்குள் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் 17

பதில் வந்தது. கிளெனிஸுக்குத் தடை நீக்கம். படம் தள்ளுபடியானது ஆனதுதான். என் நடுவர் விண்ணப்பம் நிராகரிப்பு. ஒரு வருடம் கழித்து மறுபடி முயலலாம்.

தபால் அலுவலக வாசலில் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். தேர்வில் தவறிவிட்டேன். அறுபத்தாறு வயதில் தவறுகிறேன். முப்பத்தோரு வருடம், பக்கத்து சீட்டில் எத்தனை பேர் இப்படி உட்கார்ந்திருந்தார்கள். நான் முடிவுத் தாளைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுவேன். ஒருத்தரையும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஜூன் 18

பண்ணைக்குப் போனேன். கிளெனிஸ் மாடுகளுக்கு வைக்கோல் கட்டுகளை அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். சேற்றில் நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன். என்னிடம் அதற்குச் சரியான முகம் இல்லை, பல்வலி முகம்தான் வந்திருக்கும்.

அவள் கத்தியை மடக்கினாள்.

"தொண்ணூத்தொண்ணுல நீங்க என்னை ரெண்டு தடவ ஃபெயில் பண்ணீங்க. என்ன தப்பு பண்ணேன்னு ரெண்டு தடவையும் சொல்லல. தாளக் குடுத்தீங்க, போய்ட்டீங்க. மூணாவது தடவ வேற ஊருக்குப் போய் பாஸ் பண்ணேன். இப்பவாவது சொல்லுங்க, என்ன தப்பு?"

"ஞாபகம் இல்ல கிளெனிஸ்."

"தெரியும், இருக்காது. படம் போனதுல எனக்கு அழுகையே வந்துச்சு. ஆனா அதவிட என்ன ஆத்திரம்னா, நீங்க சொன்னீங்கன்னு வாயத் தொறக்காம தலையாட்டினேன் பாருங்க, மறுபடியும் பதினெட்டு வயசு ஆன மாதிரி. என் மேலேயே ஆத்திரம்."

அவள் அறுத்த கயிறுகளைச் சுருட்டி மேல்கோட்டுப் பையில் திணித்தாள். ஆரஞ்சு நிறம். திணித்த கை அப்படியே நின்றது.

"அது கழுத்துல மாட்டினா செத்துடும்," என்றாள்.

"எது?"

"பிளாட்டிபஸ். இந்தக் கயிறு மாட்டிக்கிட்டா அதால கழட்ட முடியாது. என் ஓடை, என் கயிறு. நீங்களும் பாத்தீங்க, நானும் பாத்தேன், ரெண்டு மணி நேரம் உக்காந்து படத்துலேந்து அழிச்சோம்!"

எனக்குக் காது வரைக்கும் சுட்டது. பிறகு அவள்தான் முதலில் சிரித்தாள். கோபச் சிரிப்புதான், ஆனாலும் சிரிப்பு.

ஜூன் 22, சனி

ஓடையைச் சுத்தம் செய்தோம். குளிர்காலக் காலைத் தண்ணீர் எலும்பைக் கடித்தது. தண்ணீரில் இறங்கப் போடும், கிளெனிஸின் கணவருடைய ரப்பர் கால்சட்டை எனக்கு அக்குள் வரை வந்தது. வெண்டி வந்தாள், ப்ளாஸ்க்கில் சூப்போடு. மார்லீன் கரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் எங்கே விட்டுவிட்டார்கள் என்று விரல் நீட்டிக் கொண்டிருந்தாள். "கெல், உன் இடது பக்கம். அது வேர். இன்னும் இடது. இடதுன்னா இடது!" முப்பத்தோரு வருடம் நான் காருக்குள் பேசியது வெளியிலிருந்து இப்படித்தான் கேட்டிருக்குமோ.

நான்கு உரச்சாக்கு நிறையக் கயிறு. ஒரு பழைய கேட்டின் கம்பி. ஒரு செருப்பு. பிளாட்டிபஸைக் காணோம், இவ்வளவு சத்தத்தில் எது வரும்?

கடைசியில் கிளெனிஸ் ஓடை நடுவில் கை நிறையக் கயிற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். கேமராவை எடுத்தேன். பொத்தானை அழுத்தும்போது கால் வழுக்கி, தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டேன். ரப்பர் கால்சட்டைக்குள் ஓடை முழுவதும் இறங்கியது. கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிக் காப்பாற்றினேன். என்னைக் காப்பாற்ற மூன்று பெண்கள் தேவைப்பட்டார்கள்.

ஜூன் 24

ஜலதோஷம்.

ஜூலை 4, வியாழன்

கிளப். வெளியூர் நடுவர், டெவன்போர்ட் பக்கமிருந்து ஒரு பெரியவர். ஓடைப் படத்தைக் கொடுத்திருந்தேன். ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை. வெண்டி இரண்டு முறை கேட்டாள், நிச்சயமா என்று.

பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். படம் ஆடியிருக்கிறது என்றார். அந்த அம்மாளின் கால் முழங்காலுக்குக் கீழே வெட்டுப்பட்டிருக்கிறது என்றார். அட்டைகூடக் கோணலாம். நல்லதாக ஒன்றும் சொல்லவில்லை, அவர் பழைய காலத்து ஆள். நான்கு மதிப்பெண். இன்றைக்கு எல்லாப் படத்திலும் அதுதான் குறைவு.

வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பின்வரிசையில் கிளெனிஸ் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கினாள்.

தேநீரில் நான் நேரே பெரியவரிடம் போனேன். வெண்டி கையிலிருந்த கேக் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடி வந்தாள். "தண்ணிக்குள்ள நிக்கும்போது ஆடாம எப்படி எடுக்கறது?" என்று கேட்டேன். முழங்கையை விலாவோடு ஒட்டி வைக்கணுமாம். அழுத்தும் முன் பாதி மூச்சை வெளியே விடணுமாம். அவர் செய்து காட்டினார், நானும் கையில் தேநீரோடு செய்து பார்த்தேன். வெண்டி திரும்பிப் போய் தட்டை எடுத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது கிளெனிஸ் கார் கண்ணாடியைத் தட்டினாள். "கெல், அந்தப் படத்துல எனக்கு ஒரு காப்பி," என்றாள்.

கூட வந்திருந்த மார்லீன் வழியெல்லாம் படத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"நீ எடுத்த படத்துல ஒரு மனுஷி சிரிக்கறத இப்பத்தான் பாக்கறேன்," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அட்டையைப் பிரித்துவிட்டு, ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டாள். காலில்லாத கிளெனிஸ். நான் பால் எடுக்கக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள்.